பொட்டு வைத்த சான்றிதழ்

பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய கேள்வியிலேயே வேலையில் முட்டை வாங்கியவள் நான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. இப்போதெல்லாம் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். அப்பா சொல்ல ஆரம்பித்தால் ஒவ்வொரு தடவையும் லாரிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது.

கல்லூரி முடித்து இரண்டு வருடம் கடம்பத்தூர் வீட்டில் சும்மா இருந்தேன். பிறகு நெட்வொர்க் சான்றிதழ் ஒன்று வாங்கினால் வேலை நிச்சயம் என்று யாரோ சொல்ல, வெறி பிடித்த மாதிரி படித்தேன். படித்தேன் என்றா சொன்னேன்? இணையத்தில் கிடைத்த பழைய கேள்விகளையும் விடைகளையும் மனப்பாடம் செய்தேன். கேள்வியின் முதல் மூன்று வார்த்தைகளைப் பார்த்தாலே விடை அ-வா இ-யா என்று கை தானாகப் போகும். அதுவரை ஒரு நெட்வொர்க் ஒயரைக்கூட நான் கையால் தொட்டதில்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு வைஃபை பெட்டி. அதன் பக்கம் போனாலே அம்மா, "ஏய், சீரியல் ஓடுது, கைய எடு" என்பார்.

பாஸ் செய்துவிட்டேன். அப்பா சான்றிதழைத் திருவள்ளூர் தேரடிக்கு எடுத்துப்போய் லேமினேட் செய்து, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் காட்டிவிட்டு வந்தார். (ரயில்வே டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவரிடமும். வரிசையில் நின்றவர்கள் திட்டியிருக்கிறார்கள்.)

வேலை கும்மிடிப்பூண்டியில், ஓர் இரும்புக் கம்பி ஆலையில் கிடைத்தது. பேசின் பிரிட்ஜில் வண்டி மாறிப் போய் வருவேன். மேலாளர் தண்டபாணி சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆறு மாசம் பாப்பேன். சரியா இருந்தா நிரந்தரம். இல்லன்னா சங்கடப்படாத." எப்படியாவது நிரந்தரம் ஆகியே தீருவது என்று நான் சபதம் எடுத்துக்கொண்டேன். அந்தச் சபதத்தின் பாதி வெறும் பந்தா.

பந்தாவுக்கு முதலில் பலியானவள் ஸ்டெல்லா. வாசலருகே லாரிகளை எடைபோடும் மேடையில் (வே பிரிட்ஜ் என்றால்தான் அங்கே எல்லாருக்கும் புரியும்) அவள் ஆபரேட்டர். என் வயதுதான், வாய் மட்டும் என்னைவிட இரண்டு மடங்கு. ஒருநாள், "தேனு, பிரிண்டர் ரொம்ப பேஜார் பண்ணுது, வந்து பாரேன்" என்று கூப்பிட்டாள். நான் போய் நின்றபடியே, தகவல் என்பது ஏழு அடுக்குகளைத் தாண்டித்தான் பயணம் செய்யும் என்று கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டாள்: "அந்த ஏழு அடுக்குல பேப்பர் எந்த அடுக்குல வருது?"

பிரிண்டரில் பேப்பர் இல்லை.

சேர்ந்து ஐந்தாவது மாதம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆலையில் அது பெரிய திருநாள். எல்லா இயந்திரங்களையும் அணைத்து, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டுவிட்டால் விடுமுறை முடிந்து திறக்கும்வரை எதையும் யாரும் தொடக்கூடாது. அவரவர் தங்கள் ஆயுதத்தைப் பூஜையில் வைத்தார்கள். ஃபிட்டர்கள் ஸ்பேனர் வைத்தார்கள், ஸ்டெல்லா கால்குலேட்டர் வைத்தாள். நான் சான்றிதழை வைத்தேன்! லேமினேஷன் மேல் யாரோ தாராளமாகக் குங்குமம் அப்பிவிட்டார்கள். அதன் கறை இன்றுவரை போகவில்லை.

அதற்கு முன், என் துறை சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் நானே சுத்தம் செய்தேன். ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் சின்னப் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். ஆலை முழுக்க அப்படிப் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, ஒயர்களை அழகாகக் கட்டி, பொட்டு வைத்தேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

விடுமுறை முடிந்து திறந்த காலை, மின்சாரம் போட்ட பத்தாவது நிமிடம் நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிட்டது. லாரியின் எடை பில் போடும் அறைக்குப் போகவில்லை. எடை போகாமல் பில் இல்லை, பில் இல்லாமல் கேட் திறக்காது. உள்ளே கம்பி ஏற்றிய லாரிகள், வெளியே பழைய இரும்பு ஏற்றி வந்த லாரிகள். வரிசை தொழிற்பேட்டைச் சாலை முனைவரை போய்விட்டது. சூளூர்ப்பேட்டைப் பக்கத்து டிரைவர் ஒருவர் வாட்ச்மேனிடம், "இன்னா நைனா, சாமி இன்னும் எழுந்துக்கலியா?" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

நான் சும்மா இருந்தேனா? முதலில் இணைய இணைப்பு கொடுத்தவர்களுக்குப் போன் போட்டுக் கத்தினேன். லைன் நன்றாக இருக்கிறது என்றார்கள். சர்வரை அணைத்துப் போட்டேன். பிறகு பில் அறைக் கணினி ஒவ்வொன்றையும் அணைத்துப் போட்டேன். கடைசியில் தண்டபாணி சாரிடம் போய், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "சார், யாரோ வெளிநாட்டிலிருந்து நம்மைத் தாக்குறாங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "ஏம்மா, நம்ம கம்பி கம்பெனிய தாக்கி அவனுக்கு இன்னாம்மா லாபம்?"

பிறகு அம்பத்தூரிலிருந்து ஒரு ஆளை வரச்சொல்லிப் போன் செய்தார். ஒரு மணிக்கு வந்துவிடுவாராம். போனை வைத்துவிட்டுச் சத்தமே போடாமல் சொன்னார்: "அவர் வந்து கண்டுபிடிச்சார்னா, அப்புறம் எனக்கு நீ எதுக்கும்மா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சான்றிதழை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு எப்படிப் போவது? அப்பா டிக்கெட் கவுன்ட்டர்காரரிடம் என்ன சொல்வார்? கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் நெற்றிப்பொட்டு கலைந்து பார்க்கச் சகிக்கவில்லை. போடி, அழுதது போதும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. இனி ஆலையில் இருக்கிற ஒயரை எல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துக்கொண்டே போய்ப் பார்ப்பது, கண்டுபிடிக்காமல் கேட்டைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அப்போது மணி பத்தரை. சர்வர் அறையிலிருந்து கிளம்பினேன். ஏணி போட்டு ஏறினேன், மேசைகளுக்கு அடியில் தவழ்ந்தேன், கம்பி உருட்டும் கொட்டகையில் அனலில் வெந்தேன். ஸ்டோரில் ஒரு ஒயரைப் பின்தொடர்ந்து போனால் அது டீ போடும் கெட்டிலுக்குப் போயிற்று. சுடிதாரில் கிரீஸ் ஒட்டாத இடமில்லை. எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் விளக்குகள் அத்தனையும் ஒன்றாகப் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தன. அது எதற்கு அடையாளம் என்று எந்தக் கேள்வியிலும் வந்ததில்லை.

கடைசியாக மிச்சமிருந்தது எடை மேடை அறை. மணி பன்னிரண்டேகால். ஸ்டெல்லா துண்டுச்சீட்டில் எடைகளைக் கையால் எழுதி டிரைவர்களைச் சமாளித்துக்கொண்டிருந்தாள். என் கோலத்தைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"நாஷ்டாவாவது துன்னியா?"

"இல்ல. இன்னும் முக்கால் மணி நேரந்தான் இருக்கு ஸ்டெல்லா. எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஓடல."

"பூஜைக்கு முன்னாடி ஓடிச்சி இல்ல? அப்பால யாரு இன்னாத்த தொட்டது?"

"யாரும் எதையும் தொடலடி. நான் க்ளீன்தான் பண்ணேன்."

"தொடாம எப்படிம்மா க்ளீன் பண்ணுவ?"

மெதுவாகத் திரும்பி, அவள் மேசைக்கு அடியில் இருந்த ஸ்விட்ச் பெட்டியைப் பார்த்தேன். பொட்டும் சந்தனமுமாக லட்சணமாக இருந்தது.

"எங்க அந்த லேப்டாப் ஒயரு?" என்றாள் ஸ்டெல்லா. "எடை சரிபாக்க வர்றவங்களுக்குன்னு ஒரு முனைய கீழ தொங்கவுட்டு வெச்சிருந்தேனே, காணோமே."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பூஜைக்கு முந்தின நிமிடம் அந்த ஒயர் தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. பெட்டியில் காலியாக ஒரு ஓட்டை இருந்தது. சொருகிவிட்டேன். மறுமுனை எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. மறுமுனையும் அதே பெட்டியில்தான் இருந்தது.

ஒரு பெட்டியில் கிளம்பும் ஒயர் அதே பெட்டிக்குத் திரும்பினால், உள்ளே போன தகவல் சுற்றிச் சுற்றி வந்து பெருகி மொத்த வலையையும் திணறடித்துவிடும். இதைப் பற்றிப் பரீட்சையில் நான்கு கேள்விகள் வந்தன. நான்கும் சரி. நான்காவதற்கு விடை இ.

ஒயரைப் பிடுங்கினேன். துடித்துக்கொண்டிருந்த விளக்குகள் அடங்கி, ஒவ்வொன்றாக நிதானமாக மினுக்க ஆரம்பித்தன. பேப்பர் இருந்த பிரிண்டர் கரகரவென்று ஓடியது. வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தண்டபாணி சார் ஓடி வந்தார். "கண்டுபிடிச்சிட்டியா! இன்னா கோளாறு?"

வெளிநாட்டுத் தாக்குதலை முறியடித்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சார் கோளாறு" என்றேன். முழுக்கச் சொன்னேன்.

அம்பத்தூர்க்காரரைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பினார். என்னைத் திருப்பி அனுப்பவில்லை. ஆறு மாதத்தை ஒரு வருடமாக்கினார். ஆலையின் ஒவ்வொரு ஒயரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைபடம் போட்டு, இரண்டு முனையிலும் சீட்டுக் கட்டச் சொன்னார். மூன்று மாதம் பிடித்தது. விடாமல் முடித்தேன். அதுதான் நான் உண்மையில் படித்த படிப்பு. சான்றிதழைக் குறை சொல்லமாட்டேன். ஒயரைப் பார்த்த நொடியில் என்ன நடந்தது என்று விளங்கியது அதனால்தான். ஆனால் அந்த ஒயர்வரைக்கும் என்னைத் தவழ்ந்து போகச் சொல்ல அதற்குத் தெரியவில்லை.

நிரந்தரம் ஆன பிறகுதான் வீட்டில் சொன்னேன். அப்பா அன்றிலிருந்து இதை விடவில்லை. ஒரு சார்ஜர் தொங்கினால் போதும், "தேனு கண்ணுல படாம எடுத்து வைங்க, ஊருக்கே கரண்டு போய்டும்" என்பார்.

பிறகு என்னைப் பெண் பார்க்க ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்தார்கள். தூரத்து உறவு. மாப்பிள்ளை மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சான்றிதழ் என்று எதுவும் கிடையாது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் குறை. அப்பா டிவிக்குப் பின்னால் ஒரு ஒயரை வேண்டுமென்றே தொங்கவிட்டு, பக்கத்தில் அவருக்கு நாற்காலி போட்டார். நான் சமையலறைக் கதவோரம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அந்த ஒயரு தொங்குது பாருங்க. சும்மா சொருவி வுடுங்க" என்றார் அப்பா.

மாப்பிள்ளை எழுந்தார், ஒயரைக் கையில் எடுத்தார். டிவியை ஒரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து, ஒயர் போகும் வழியிலேயே பீரோவின் பின்பக்கம்வரை தேடிக்கொண்டு போனார்.

"மாமா, இதோட இன்னொரு முனை எங்க இருக்குது?"

அப்பா சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"தேனு, காபி எடுத்துகினு வா. பையன் பாஸ்."