இரண்டாவது தும்மலுக்குக் காத்திருந்த விவரம்

பாபடோயிட்டோய், ஆக்லாந்து
18.10.2014

பெருமதிப்புக்குரிய அம்புஜம் அத்தைக்கு,

ரவிசங்கர் அனேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கௌரியும் விடாத மழையும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் முழங்காலும் சௌக்கியம்தானே? நீங்கள் ஊருக்கு விமானம் ஏறிய அவசரத்தில் சொல்லாமல் விட்ட நன்றியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மங்கரே கம்பெனி மீனும் மருந்தும் வைக்கிற குளிர்கிடங்கு என்று உங்களுக்குத் தெரியும். கதவு திறந்தது, மூடியது, சூடு ஏறியது என்று ஒவ்வொரு அறையும் ஓயாமல் சேதி அனுப்பும். எதற்குப் பின் எது வந்தால் ஆபத்து என்று பார்த்துச் சத்தம் போட ஒரு புரோகிராம் உண்டு. நாங்கள் புதிதாக வாங்கிய ஹென்டர்சன் கம்பெனியிலும் அப்படி ஒன்று. வேலை ஒன்று, புரோகிராம் எழுதும் பாஷைதான் வேறு. எங்கள் விதிகளை அவர்கள் பாஷையில் எழுதித் தருவது என் பொறுப்பு. வியாழக்கிழமை ஓட்டிக் காட்டினால் நிரந்தர வேலை, விசா. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 'கதவு திறந்து மூன்று நிமிஷத்தில் மூடாவிட்டால் சத்தம் போடு' என்பது எங்கள் விதி. அவர்கள் பாஷையிலோ 'வந்தால்' உண்டு, 'வராவிட்டால்' கிடையாது! நான் அந்த 'மூடாவிட்டால்' பகுதியை விட்டுவிட்டு எழுதினேன். திங்கட்கிழமை சோதனையில் ஒரே காலையில் ஆயிரத்து நூறு எச்சரிக்கை. மேனேஜர் பீட்டரின் போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜையிலிருந்து தானே குதித்துவிட்டது. மலேசியத் தமிழர், ஈப்போக்காரர், நல்ல மனிதர். "என்னா ரவி, கதவைத் தொறந்தாலே கத்துதே லா!" என்றார். அடுத்த இரண்டு நாளும் மண்டையை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

வியாழன் காலை ஷூ மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிறேன், நீங்கள் தும்மினீர்கள். "ஒத்தத் தும்மல்டா, உட்காரு. ரெண்டாவது வந்தா உடனே கிளம்பு. வரலேன்னா கால் நாழிகை கழிச்சு, தண்ணி குடிச்சிட்டுப் போ." கால் நாழிகைன்னா ஆறு நிமிஷமாச்சே, ரயில் போயிடுமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு கடிகாரத்தையே பார்த்தேன், அத்தை, அப்பதான் புத்தியில பட்டது. தும்மல் வராமப் போனாலும் கால் நாழிகை வருமே! கதவு திறந்ததும் மூன்று நிமிஷத்தில் அடிக்கிற ஒரு மணியை முடுக்கிவிட வேண்டியது. மூடினால் நிறுத்திவிடலாம், மூடாவிட்டால் மணி அடித்த சேதி வந்தே தீரும். 'வந்தால்' மட்டும் தெரிந்த பாஷைக்கு அது போதும். லேப்டாப்பை மடியில் வைத்து நான் எழுதி முடிக்கவும் உங்கள் இரண்டாவது தும்மல் வரவும் சரியாக இருந்தது. ஓடினேன்.

ஹென்டர்சனில் ஒரே ஒரு எச்சரிக்கைதான் வந்தது. போய்ப் பார்த்தால் நாலாம் நம்பர் கதவு நிஜமாகவே ஆவென்று திறந்து கிடந்தது. பீட்டரே ஓடிப்போய் மூடினார். நிரந்தர வேலைக்கான கடிதம் இன்று கைக்கு வந்துவிட்டது, அத்தை. கௌரி அழுதாள், நானும்தான். இந்த வீட்டில் உலை கொதிக்கிற ஒவ்வொரு நாளும் உங்களை நினைப்போம். மூடநம்பிக்கை என்று கிண்டல் செய்த இதே வாயால் வேண்டிக்கொள்கிறேன்: அத்தை நூறு வயது இருந்து ஜோடி ஜோடியாகத் தும்ம வேண்டும்.

உங்கள் ஆசியையும் தும்மலையும் என்றும் நாடும்,
ரவிசங்கர்

பி.கு.: உறையை ஒட்டுமுன் கௌரி இதைப் படித்தாள். அன்றைக்கு உங்களுக்கு முதல் தும்மல் வந்தது அவள் சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுத்த நெடியிலாம். நான் ரயிலை விட்டுவிடுவேன் என்று பயந்து, இன்னொரு பிடி மிளகாயை வாணலியில் போட்டு இரண்டாவதை வரவழைத்ததும் அவளேதான். ஆகவே மேலே 'அத்தை' என்று வரும் இடமெல்லாம் 'கௌரி' என்று மாற்றிப் படிக்கவும். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னை உட்காரச் சொன்னதும் முழங்காலும் மட்டும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.