நல்லதுதான், ஆனா நம்ம பொண்ணுக்கு வேண்டாம்

மனிதர்களில் 'நல்லதுதான், ஆனா'க்காரர் என்று ஒரு வகை உண்டு. எந்த நல்ல காரியத்தையும் அவர் எதிர்த்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. பெண் பிள்ளைகள் ஓட வேண்டும், குதிக்க வேண்டும், வியர்வை சிந்த வேண்டும், எலும்பு உறுதிப்பட வேண்டும் என்று மேசையைத் தட்டிப் பேசுவார். பெண் பிள்ளைகள் என்றால் அடுத்த வீட்டிலிருந்து ஆரம்பித்து உலகத்தின் கடைசி வீடு வரைக்கும். தம் வீட்டு வாசல் வந்ததும் வாக்கியத்தின் நடுவில் ஓர் 'ஆனா' வந்து விழும். அதற்குப் பிறகு வருவதுதான் அவருடைய கருத்து. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

இந்த வகையில் ஒருவரைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். வயது நாற்பத்தேழு. ஒரே மகள், வயது பதினான்கு, ஒன்பதாம் வகுப்பு. இடது மணிக்கட்டில் காலடிகளை எண்ணும் வாட்ச். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் காலடி என்பது அவர் விரதம். குறைந்துபோனால் சோபாவில் சாய்ந்தபடியே கையை முன்னும் பின்னும் ஆட்டி நிரப்பிக்கொள்வார். வாட்சுக்குத் தெரியுமா, ஆடுவது காலா கையா என்று?

பெற்றோர் கூட்டத்தில் முதல் வரிசையிலிருந்து எழுந்தவரும் இவர்தான்.

"நம்ம பொண்ணுங்க ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது மேடம்! பள்ளிக்கூடம்தான் இதுக்கு ஏதாவது செய்யணும்!"

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. தலைமை ஆசிரியை செய்தார். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். முதல் வாரம் பி.டி. டீச்சர் ஒன்பதாம் வகுப்புப் பெண்களைப் பத்து நிமிடம் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, யார் எத்தனை சுற்று என்று நோட்டில் குறித்தார். கடைசி வாரமும் அதேபோல் ஓடவிட்டு, எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று பார்ப்பதாக ஏற்பாடு. வகுப்பில் முப்பத்தெட்டு பெண்கள். முதல் நாள் ஓடியது முப்பத்தேழு பேர்.

முப்பத்தெட்டாவது பெண்ணின் கையில் ஒரு கடிதம் இருந்தது.

'பொருள்: மகளின் வலது கணுக்கால் வலி – ஓட்டத்திலிருந்து விலக்கு கோருதல் – தொடர்பாக.'

அலுவலகத்தில் நாளெல்லாம் கடிதம் எழுதும் மனிதருக்குக் கை சும்மா இருக்குமா? அடுத்த வகுப்புக்கு அடுத்த கடிதம். அதில் 'பார்வை' என்று போட்டு, முந்தைய கடிதத்தின் தேதியை ஒழுங்காகக் குறிப்பிட்டு, 'மேற்படி இடது கணுக்காலில் வலி நீடிப்பதால்' என்று எழுதியிருந்தார்.

டீச்சர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மேற்படின்னா எந்தக் கால்ம்மா?"

"அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன் டீச்சர்."

மொத்தம் இருபத்து நான்கு வகுப்புகள், கடிதங்கள் இருபத்தொன்று. கணுக்காலுக்கு ஏழு, தலைவலிக்கு ஐந்து, வெயிலுக்கு நான்கு, பரீட்சைக்கு மூன்று. மீதி இரண்டில் காரணம் 'முன்னெச்சரிக்கை' என்று மட்டும் இருந்தது. எதற்கு முன், எதைப் பற்றிய எச்சரிக்கை என்பது எழுதியவருக்கே வெளிச்சம். கடிதம் வராத மூன்று வகுப்புகளில் இரண்டு மழையில் போயின. ஒன்று, அவர் அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்த நாள்.

அந்த ஒரு நாள் மகள் ஓடினாள். வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் போய் நின்றாள்.

"ரெண்டு ரவுண்டும்மா! நெஞ்சு திக்கு திக்குன்னு அடிச்சுது. நிக்கவே தோணல."

மற்ற நாளெல்லாம் மரத்தடியில் ஒரு நாற்காலி. மடியில் நோட்டு. ஓடுகிறவர்களின் சுற்றுகளை எண்ணுவது அவள் வேலை. எப்போதும் நாற்காலியில் இருப்பதால் தோழிகள் அவளுக்குச் 'சேர்மன்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

"சேர்மன், எனக்கு எத்தனை?"

"ஆறு. பேசாம ஓடுடி, நேரம் போகுது."

நோட்டில் முப்பத்தேழு பெயர்களுக்கு எதிரே எண்கள் வாரா வாரம் ஏறிக்கொண்டே வந்தன. அவள் பெயருக்கு எதிரே, அந்த ஒரு நாளைத் தவிர, சின்னதாக ஒரு கோடு. அந்தக் கோட்டையும் அவளே போட வேண்டியிருந்தது என்பதுதான் கொடுமை. கடைசி வாரம் அப்பாவிடம் கேட்டே விட்டாள்.

"அப்பா, கடைசி டெஸ்ட்லயாவது ஓடறேன்ப்பா. எல்லார் பேருக்கும் நம்பர் இருக்கு, எனக்கு மட்டும் கோடு."

"ஓடறது ரொம்ப நல்லதுதான்டா. நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்? ஆனா உனக்குப் பூஞ்சை உடம்பு."

"யாருப்பா சொன்னா?"

"யார் சொல்லணும்? பள்ளிக்கூடத்துல இத்தனை லெட்டர் இருக்கே!"

கவனித்தீர்களா? தாம் எழுதிய பொய்யைத் தாமே சான்றாவணமாக எடுத்து வைக்கிறார். இதில் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லக் கூடாது. அவர் மனதார நம்பிவிட்டார். இந்த வகையின் தனிச்சிறப்பே அதுதான்.

இருபத்து நான்கு வகுப்புகளும் முடிந்து, கடைசி ஓட்டத்துக்கென்று தனியாக வைத்த நாள் வந்தது. பெற்றோர்களும் ஓடலாம் என்று அறிவிப்பு. கண்காணிப்பாளர் புது ஷூவோடு வந்தார். திட்டத்துக்குக் குரல் கொடுத்தவர் அல்லவா, மைக்கை அவரிடம் கொடுத்தார்கள். ஓட்டம் பத்து நிமிடம். அவர் பேச்சு பதினொரு நிமிடம். கையை வீசி வீசிப் பேசியதில் வாட்சில் அறுநூறு காலடி ஏறியிருந்தது. முந்தின நாள் முழுக்க அந்தப் பேச்சைத் தயாரித்துக்கொண்டிருந்ததில் ஒரே ஒரு வேலை விட்டுப்போயிற்று. அன்றைக்குக் கடிதம் எழுதவில்லை.

முதலில் பெற்றோர் ஓட்டம். விசில் ஊதியதும் எல்லாருக்கும் முன்னால் பாய்ந்தார். முதல் சுற்றில் கையசைத்தார். இரண்டாவதில் இடுப்பைப் பிடித்தார். மூன்றாவது முடிந்ததும் மரத்தடிக்கு வந்து, மகளை எழுப்பிவிட்டு, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அஞ்சுன்னு… போட்டுக்கோ."

"மூணுப்பா."

"வாட்ச்… சொல்லுது…"

"நான் எண்ணினேன்ப்பா. மூணுதான்."

அடுத்து பெண்கள் கோட்டில் வந்து நின்றார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"நீ ஏன் நிக்கிற? லெட்டர் இருக்கா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப என்ன பார்த்துக்கிட்டிருக்க? நோட்டை இப்படிக் கொடு. வா!"

அப்பா வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்று உள்ளே போயிற்றே தவிர வெளியே வரவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து மைதானமே கைதட்டியது.

மகள் ஓடினாள். முதல் சுற்றில் கூட்டத்தோடு இருந்தாள். இரண்டாவதில் கூட்டம் அவளை விட்டுப் போயிற்று. மூன்றாவதில் வகுப்பிலேயே குண்டாக இருந்த பெண், பன்னிரண்டு வாரத்துக்கு முன் மூன்று சுற்றுக்கே உட்கார்ந்துவிட்டவள், "வா சேர்மன்" என்று சொல்லிக்கொண்டே அவளைத் தாண்டினாள். நான்காவது சுற்றில் பாதி நடை. விசில் ஊதியபோது புல்லில் மல்லாந்து விழுந்தாள். மற்றவர்கள் சராசரியாக ஏழு சுற்று. இவள் நான்கு.

அதற்குள் அப்பாவுக்கு மூச்சு திரும்பியிருந்தது. மூச்சோடு கருத்தும் திரும்பியது.

"பார்த்தீங்களா டீச்சர்? எல்லாரும் ஏழு, இவ நாலு! இதைத்தானே நான் அன்னிக்கே எழுதினேன். இவளுக்கு ஆகாதுன்னு!"

டீச்சர் நோட்டில் அடுத்த பெயருக்குப் போனார். சொல்லி என்ன? பன்னிரண்டு வாரம் நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்து ஓட முடியவில்லை என்றால் 'சொன்னேனே' என்கிற மனிதரிடம் எந்த டீச்சர் பேசி ஜெயிக்க முடியும்?

புல்லில் கிடந்தவள்தான் பேசினாள். "டீச்சர், கோட்டை அடிச்சுட்டு நாலுன்னு போடுங்க. அப்பா மூணு, நான் நாலு. ரெண்டையும் எழுதிடுங்க."

அடுத்த பருவத்துக்கும் பயிற்சி தொடரும் என்று பள்ளிக்கூடம் அறிவித்தது. 'நல்ல முடிவு' என்று முதல் ஆளாகப் பாராட்டியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலை அவர் இருபத்திரண்டாவது கடிதத்தை மகளிடம் நீட்டினார். 'நான்கு சுற்று ஓடியதால் ஏற்பட்ட களைப்பு – ஒரு பருவம் ஓய்வு வேண்டுதல்.'

மகள் வாங்கவில்லை. "நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கப்பா. ரெண்டு கிலோமீட்டர்தான். நடந்தே போகலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

அவர் கடிதத்தைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். பிறகு வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டில் அப்படியெல்லாம் இல்லை, உங்கள் பெண் விருப்பம்போல் ஓடலாம், தடுப்பார் யாருமில்லை. சரி, அவளையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாமா? ஏன் தயங்குகிறீர்கள்? "கேட்கலாம், ஆனா…" என்கிறீர்களா?

போதும். மேற்கொண்டு சொல்ல வேண்டாம். உட்காருங்கள், மூச்சு வாங்குகிறது உங்களுக்கு.