மாமாவின் வள்ளமும் என் கார் காபரேற்றரும்

வயல்காரன் கடற்கரையில் பெண் எடுத்தால், மீன்குழம்பைச் சாப்பிட மட்டும் வாயைத் திறக்க வேண்டும். நான் எஞ்சினைப் பற்றிக் கதைக்கவும் திறந்தேன்.

வட்டக்கச்சியில் உழவு மெஷினும் பழைய கார்களும் பிரித்துப் பூட்டிப் பழகியவன் நான். நாயாற்றில் என் மாமனாருக்கு, உள்ளே பெற்றோல் எஞ்சின் பூட்டிய வள்ளம் ஒன்று இருந்தது. கலியாணமாகி எத்தனையோ மாதம் போயும் அதன் சுக்கானைத் தொட அவர் என்னை விடவில்லை. ("தம்பி, நீங்கள் இதிலை இருங்கோ" என்று ஐஸ் பெட்டியைக் காட்டுவார். வீட்டில் நல்ல கதிரை தருகிற மனுசன்!) ஒருநாளாவது அந்தச் சுக்கானைப் பிடித்துவிட வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை.

எஞ்சினின் இழுவை குறைந்தபோது என் காலம் வந்தது.

"காபரேற்றர் முடிஞ்சுது மாமா. என்னட்டைக் கார் காபரேற்றர் ஒண்டு கிடக்கு. பூட்டினால் வள்ளம் பறக்கும்."

"கார்ச் சாமான் வள்ளத்துக்குச் சரிவருமோ?"

"எஞ்சின் எண்டால் எஞ்சின்தானே மாமா!"

(பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது காபரேற்றர். காரில் அதிலிருந்து பெற்றோல் வழிந்தால் ரோட்டில் சொட்டிக் காற்றோடு போய்விடும். வள்ளத்தில் அடியில் தேங்கி ஆவியாய் நிற்கும். அதனால்தான், வழிவதை எஞ்சினுக்குள்ளேயே அனுப்பிவிடும் காபரேற்றரை வள்ளங்களுக்கென்று தனியாகச் செய்கிறார்கள். இந்த ஞானமெல்லாம் எனக்குப் பிறகு வந்தது.)

பூட்டி ஸ்டார்ட் செய்தேன். உறுமியது. மாமா முதல்முறையாக என் தோளில் தட்டினார்.

"ஞாயிறு பூசை முடிய சுவாமியைக் கொண்டு ஆசீர்வதிப்பம். பிறகு நீங்கள்தான் ஓட்டுறியள்!"

ஞாயிற்றுக்கிழமை, களப்புக் கரையோரம் கட்டியிருந்த வள்ளத்தில் வெள்ளைச் சேட்டோடு சுக்கானைப் பிடித்தபடி நின்றேன். பங்குச் சுவாமியார் வருமுன் சனத்துக்குக் காட்டவென்று எஞ்சினைப் பல தடவை உறும விட்டு நிறுத்தியிருந்தேன். சுவாமியார் ஏறி ஜெபப் புத்தகத்தை விரித்தார். மாமி மெழுகுதிரியையும் நெருப்புப்பெட்டியையும் எடுத்தவர், மூக்கைச் சுளித்தார்.

"என்ன மணக்குது?"

"அது எஞ்சின் புதுசாகின மணம் மாமி."

மாமி என்னை நம்பாமல் எஞ்சின் பெட்டியைத் திறந்தார். அடியில் பெற்றோல் தளம்பிக்கொண்டிருந்தது.

"யேசுவே! குதியுங்கோ!"

நெருப்புப்பெட்டி களப்புக்குள் பறந்தது. மாமி சுவாமியாரின் அங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டு குதித்தார். ஆனால் எல்லாருக்கும் முந்திக் குதித்தவன் நான். ஆசைப்பட்டுப் பிடித்த சுக்கானை அப்படித்தான் விட்டேன். இடுப்பளவு தண்ணீரில் வெட்கத்தோடு நின்றபோது, அந்தத் தண்ணீர் இன்னும் ஆழமாக இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

சுவாமியார் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி சொன்னார்: "இண்டைக்கு ஆசீர்வாதம் வள்ளத்துக்கில்லை, எங்களுக்குத்தான்."

மாமா வள்ளத்துக்கென்றே செய்த காபரேற்றரை வாங்கிப் பூட்டினார். நான் பழையபடி ஐஸ் பெட்டிக்குத் திரும்பினேன்.

பிறகு எங்கள் மகளின் ஞானஸ்நானத்தில், எரிகிற மெழுகுதிரியைத் தகப்பனிடம் கொடுக்கும் நேரம் வந்தது. கையை நீட்டினேன். அதே சுவாமியார் சற்று யோசித்தார். பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது:

"சுவாமி, முதல்லை மருமகனை மோந்து பாத்திட்டுக் குடுங்கோ!"

இன்றும் கரன்ட் போனால், மெழுகுதிரி கொளுத்துமுன் வீட்டில் என்னைத்தான் மோந்து பார்க்கிறார்கள். அந்தப் பொறுப்பை இப்போது மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.