சகாயம் வீட்டுக் கமோடு

"இன்னாங்க, சங்கு ஊதி எவ்ளோ நேரம் ஆவுது! உள்ள இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

இசபெல்லா தகரக் கதவை இடித்தாள். உள்ளே அவள் புருஷன் சகாயம் ஒரு மரப்பெட்டியின் மேல் குந்தியிருந்தார். குந்துவதற்காகச் செய்த பெட்டி அல்ல அது. நாற்காலியில் உட்காருவதுபோல் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டியது. அப்படியும் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டார். முப்பத்தெட்டு வருஷமாகக் குந்தியே பழகின உடம்பு, உட்கார்ந்ததும் ஆபீசுக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சும்மா இருந்தது. நாலாம் நாள் பொறுமை போய், பெட்டி மேலேயே ஏறிக் குந்தினார். பலகை ஒடிந்தது.

"கால் மாட்டிக்கிச்சி," என்றார் கடைசியில்.

"எதுல?"

"பொட்டியில."

இசபெல்லா, "நல்ல வேளை, காலோட நின்னுச்சி," என்றாள்.

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஊரிகம் லைனில் இப்படி ஒரு பெட்டி இல்லாமலேதான் அத்தனை குடும்பமும் நன்றாக இருந்தது. வேலூர்ப் பக்கத்திலிருந்து சுரங்கத்துக்கு வந்த சனம், ஊரில் செய்ததையே இங்கேயும் செய்தது. மண்மேட்டுக்குப் பின்னால் புதர்க்காடு. கையில் ஒரு செம்பு. விடியுமுன் பெண்கள் கூட்டமாய்ப் போய் ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுத் திரும்புவார்கள், அப்புறம் ஆண்கள். சகாயத்துக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததில்லை, பக்கத்து வீட்டுத் தாமோதரன் ஏலத்துக்குப் போகும்வரை.

தாமோதரனும் சகாயமும் ஒரே ரயிலில் வந்து இறங்கியவர்கள். இருவருக்கும் சுரங்கக் குழியான ஷாஃப்ட் வாசலில் நின்று, கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்குகிற ஆளையும் ஏறுகிற ஆளையும் எழுதிக்கொள்ளும் டைம் கீப்பர் வேலை. தாமோதரன் குடை வாங்கினால் அடுத்த வாரம் சகாயத்தின் கையிலும் குடை இருக்கும். தாமோதரன் மீசையை முறுக்கினால் சகாயத்துக்கும் மீசை முளைக்கும். இதற்குப் பொறாமை என்று பெயர். சகாயம் மட்டும் அதை முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்வார்.

இஞ்சினீர் துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பினபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். எல்லாரும் தட்டு, விளக்கு, திரைச்சீலை என்று எடுக்க, தாமோதரன் துரையின் கமோடு நாற்காலியை ஏலத்தில் எடுத்தார். தேக்கு மரம், கை வைத்தது, மூடி போட்டது, உள்ளே வெள்ளை எனாமல் பானை. லைனே வாயைப் பிளந்தது. ஏலத்துக்கு வந்திருந்த சுரங்க மேலதிகாரி கேப்டன் துரை மட்டும் தாமோதரனின் தோளைத் தட்டி, "இந்த லைனில் ஒருத்தனாவது மனுஷன்போல வாழ நினைக்கிறானே!" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அங்கேதான் சகாயத்தின் வயிறு பற்றிக்கொண்டது. மாதக் கடைசியில் ஹெட் டைம் கீப்பர் வேலை காலியாகிறது. தாமோதரனுக்கா சகாயத்துக்கா என்று முடிவு செய்யப்போகிறவர் இதே கேப்டன் துரை. வேலை முடிந்து கேஜில் ஏறி வருகிறவர்கள் துணி மடிப்பில் தங்கத்தை ஒளித்துவைத்திருக்கிறார்களா என்று சோதனை போடும் அறை ஒன்று உண்டு. அதன் சாவி ஹெட் டைம் கீப்பரின் இடுப்பில்தான் இருக்கும். தங்கம் திருட்டுப் போகிறது என்று கம்பெனி அலறிக்கொண்டிருந்த காலம் அது. கை சுத்தமான ஆள்தான் வேண்டும் என்று துரை தினம் இரண்டு தடவை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு இன்னாத்துக்குக் குடுக்கணும்? கமோடு வெச்சிக்கினு கீறான்னா?" என்று சகாயம் அன்று சோறு தின்னவில்லை.

"அதுக்காக நாமளும் வெக்கணுமா? அடுப்பும் அதுவும் ஒரே கூரைக்குக் கீழயா?" என்றாள் இசபெல்லா.

"துரைங்க வூட்ல அப்டித்தான்."

"துரைங்க தண்ணியே தொடமாட்டாங்களாம். காயிதமாம். பங்களா ஆயா சொன்னா. ஐயே!"

"அதுக்கும் ஏற்பாடு பண்ணிக்கிறேன்," என்றார் சகாயம்.

கமோடு நாற்காலி இன்னொன்று ஊரில் இல்லை. சுரங்கத்துத் தச்சனைப் பிடித்து, வெடி வந்த காலிப்பெட்டிகளைக் கழற்றி ஒன்று செய்யச் சொன்னார். உள்ளே மேல்பக்கம் வெட்டின மண்ணெண்ணெய் டின். வீட்டுக்குப் பின்னால் தகரத்தில் ஒரு சின்ன அறை. இந்தப் பெட்டியில்தான் நாலாம் நாள் காலை விட்டுக்கொண்டார்.

காலை எடுத்ததும் பலகையை மாற்றி, அடியில் இரண்டு கட்டை கொடுத்துப் பலமாக்கினார். இப்போது பெட்டி மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. ஏறுவதற்கு முக்காலி வேண்டியதாயிற்று. முக்காலியோடு உள்ளே போவதைத் தெருப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஜன்னலைத் தகரம் வைத்து அடைத்தார். உள்ளே இருட்டில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். கதவுக்குப் பெரிய பூட்டு ஒன்று வாங்கிப் போட்டார்.

பூட்டு வந்ததும் லைனுக்குச் சந்தேகம் வந்தது. சகாயம் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் துண்டுக்கடியில் எதையோ ஒளித்துக்கொண்டு போகிறாரே, அது என்ன என்று பேசினார்கள். வேறொன்றுமில்லை, செம்புதான். ஆபீசிலிருந்து பழைய ஷிப்டுத் தாள்களைக் கொண்டுவந்து, நாலாகக் கிழித்து, உள்ளே ஆணியில் குத்தி மாட்டியிருந்தார். இருந்தாலும் தண்ணீர் இல்லாமல் அவரால் முடியவில்லை. காகிதம் மாட்டிய வீட்டில் செம்போடு போவதைத் தாமோதரன் பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று மறைத்துக்கொண்டு போனார்.

மிச்சமிருந்தது டின்னை அப்புறப்படுத்தும் வேலை. பங்களாக்களில் கக்கூஸ் எடுக்கும் பார்வதம்மாவிடம் பேசினார். சுற்று வட்டாரத்துக்கே அந்த வேலைக்கு அவள் ஒருத்திதான்.

"டின்ன ராத்திரியே கொல்லையில வெச்சிட்டுப் பூட்டிடறேன். வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி வந்துடு. மேல சாக்கு போட்டு மூடி எடுத்துக்கினு போ. எவனாச்சும் கேட்டா ஒண்ணும் சொல்லாத," என்றார் சகாயம்.

பார்வதம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுல சொல்றதுக்கு இன்னா கீது அய்யா?"

இரண்டு வாரம் ஓடியது. சகாயத்துக்கு ஒரு பெரிய சங்கடம். வீட்டில் பெட்டி இருப்பது லைனுக்குத் தெரியக்கூடாது, கேலி பண்ணுவார்கள். துரைக்குத் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு பாடும் வீண். துரை எதிரில் அந்தப் பெயரைச் சொல்லவோ நாக்குக் கூசியது. மாதக் கடைசி நெருங்க, ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு துரையின் மேஜைமுன் போய் நின்றார்.

"சார், என் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது," என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

"என்ன பெட்டி?"

"உங்கள் எதிரில் வாயால் சொல்லக்கூடாது சார். தனி அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்."

துரை சுருட்டைக் கீழே வைத்தார். "உள்ளே என்ன?"

"தினம் கொஞ்சம் சேரும் சார். விடியுமுன் ஒரு பெண் வந்து சாக்குப் போட்டு மூடி எடுத்துப் போய்விடுவாள். ஒருத்தருக்கும் தெரியாது."

"இந்த யோசனையை உனக்குச் சொன்னது யார்? கூட்டாளி இருக்கிறானா?"

தாமோதரன் பெயர் சகாயத்தின் நாக்கு நுனி வரை வந்தது. அவனைப் பார்த்துத்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். சொல்ல மனசு வரவில்லை. அந்தப் பெருமையையும் அவனுக்கா கொடுப்பது?

"யாருமில்லை சார். எல்லாம் என் சொந்த யோசனை," என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

துரை எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாளைக் காலை நானே வந்து பார்க்கிறேன்."

சகாயம் வீட்டுக்கு ஓடினார். "வேலை நம்புளுதுடி! துரையே பாக்க வராரு!" என்று தகர அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பெட்டிமேல் பன்னீர் தெளித்து, இசபெல்லாவின் கல்யாணச் சேலைக் கிழிசலில் ஒரு திரையும் கட்டினார்.

"எதப் பாக்க வராருன்னு நல்லா கேட்டுக்கினீங்களா?" என்றாள் இசபெல்லா. அவர் காதில் விழவில்லை.

விடிகாலையில் துரை வந்தார். கூடவே காவல் ஜமேதார் ஆபிரகாமும் தடியோடு நாலு பேரும் வந்தார்கள். மரியாதைக்காகப் பரிவாரத்தோடு வருகிறார் என்று சகாயம் கும்பிட்டுக்கொண்டே முன்னால் போனார். அவரை ஒருவன் பிடித்துச் சுவரோடு நிறுத்தினான். கொல்லையில் டின்னைத் தூக்கிக்கொண்டு திரும்பிய பார்வதம்மாவை ஜமேதார் மறித்தார்.

"சாக்க எடு."

"வேணாங்க."

"உள்ள இன்னா கீதுன்னு எங்களுக்குத் தெரியும். எடு!"

"தெரிஞ்சா இன்னாத்துக்குப் பாக்கணும்?" என்றாள் பார்வதம்மா. ஆனாலும் எடுத்தாள்.

ஜமேதார் குனிந்த வேகத்தைவிட நிமிர்ந்த வேகம் அதிகம்.

"இது மேலுக்கு. தங்கம் பெட்டிக்கடியில் இருக்கும்," என்றார் துரை, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு. தங்கம் என்ற சொல்லைக் கேட்டபோதுதான் சகாயத்துக்கு விஷயம் புரிந்தது. "சார்! சார்! அது..." என்று கத்தினார். அப்போதும் பெயர் வாயில் வரவில்லை.

பூட்டை உடைத்தார்கள். லாந்தர் வெளிச்சம் பெட்டியின் பக்கவாட்டில் விழுந்தது. கறுப்பு மசியில் கொட்டை எழுத்தில் 'டைனமைட்' என்று இருந்தது. நாலு காவல்காரர்களும் கொல்லைச் சுவரை ஒரே தாவாகத் தாண்டினார்கள். அவர்களுக்கு முன்னாலேயே துரை அந்தப் பக்கம் இருந்தார். அதற்குள் லைன் முழுக்க எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது. முன்வரிசையில் தாமோதரன், அவர் பெண்சாதி கங்கம்மா.

இசபெல்லாதான் நேராக உள்ளே போய் மூடியைத் திறந்து காட்டினாள். "கக்கூஸ் துரை, கக்கூஸ்! இதுக்குத்தான் இந்த மனுசன் சோறு தின்னாம கெடந்தாரு!"

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டுப் போயிருப்பார், எல்லாம் நல்லபடியாகவே முடிந்திருக்கும். திரும்பும்போது ஆணியில் மாட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. ஒன்றை இழுத்து லாந்தரில் பார்த்தார்.

"இது என் கையெழுத்து!"

"நான் தண்ணிதான் சார் ஊத்தறது!" என்று சகாயம் அழமாட்டாக் குறையாகச் சொன்னார். "காயிதம் சும்மா மரியாதைக்கு மாட்டினது!"

சாயங்காலத்துக்குள் ஹெட் டைம் கீப்பர் வேலை தாமோதரனுக்குப் போய்விட்டது. கை சுத்தமான ஆள், வீடும் சுத்தமான ஆள் என்று துரை ஆபீசில் சொன்னாராம்.

இசபெல்லா பெட்டியைப் பிளந்து அடுப்பில் வைத்து, புருஷனுக்கு வெந்நீர் போட்டாள். "விடுங்க. நமக்குக் காடு கீது. பொம்பளைங்க எல்லாம் நான் மறுபடி வரேன்னு சந்தோசமா கீறாங்க." சகாயம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை கிடைக்காததுகூடப் பரவாயில்லை. அது தாமோதரனுக்குப் போனதுதான் நெஞ்சை அறுத்தது.

அந்த நேரம் பார்த்துத் தாமோதரன் வந்தார். இடுப்பில் சோதனை அறைச் சாவி தொங்கியது. "இன்னா சகாயம், எதுக்கும் ஒரு பழக்கம் வேணும்ப்பா. ஒருத்தரப் பாத்துச் செஞ்சா இப்டித்தான்," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கழுவின டின்னைத் திருப்பித்தர வந்த பார்வதம்மா வாசலில் நின்றாள். சகாயம் தன் ஆற்றாமையை எல்லாம் அவளிடம் கொட்டினார்.

"பாத்தியா அவன் சிரிக்கிறத! அவன் வூட்லயுந்தான் கமோடு கீது. அதையும் நீதானே தினம் மூடிக்கினு போற? எம்பொட்டிய ஒடச்சிப் பாத்தாங்களே, அவன் பானைய ஏன் ஒருத்தனும் தொறந்து பாக்கல?"

பார்வதம்மா டின்னைக் கீழே வைத்தாள்.

"அவரு வூட்டுப் பானைய நான் ஒரு நாளும் தொட்டதில்லியே அய்யா! ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை துணியில கட்டி, ரயிலேத்தி, பங்காருபேட்டைல நகை செய்யற தட்டார் வூட்டுக்கு அவரே இல்ல தூக்கினு போறாரு!"