ஐந்து மணியைப் போராடி வாங்கிய கதை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். கோவையாக எழுத வராது. முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடும், பாதி மறந்தும் போயிருக்கும். ஆனால் இந்த ஒன்றை மட்டும் மறக்க எங்கள் தெருக்காரர்கள் என்னை விடுவதில்லை.

சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறைகள் இருக்கும் தெருவில், வீட்டு முன்னறையிலேயே நான் பணியாரக் கடை வைத்திருக்கிறேன். பட்டறை ஆட்கள் கை கழுவிவிட்டு வர நாலரை, ஐந்து ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் எனக்கு வியாபாரம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டி ஓட்டி முழங்கால் தேய்ந்து வீட்டோடு இருக்கிறார். அந்தக் கடைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

கொரோனா சமயத்தில், எல்லாக் கடைகளையும் சாயங்காலம் ஐந்து மணிக்கே சாத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. கல் காயும் நேரத்தில் கடையைச் சாத்தினால் யாருக்குப் பணியாரம் ஊற்றுவது?

எங்கள் தெருக் கடைக்காரர்களுக்குத் தலைவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை செல்லமுத்து. அவர் எல்லோரையும் கூட்டி, "ஒரு நாள் முழுக்கக் கடையடைப்பு. அன்னிக்குக் கடையெல்லாம் சாத்தறாங்களான்னு பாக்கத் தாலுகா ஆபீசர் இந்தப் பக்கம் வாராரு. மனுக் குடுத்து ஒம்பது மணி வரைக்கும் கேட்டுப்போடலாம்" என்றார். எங்கள் ஊரில் எதை எதிர்ப்பதானாலும் இதுதான் வழி. பஸ் நிற்காவிட்டால் கடையடைப்பு, தண்ணீர் வராவிட்டால் கடையடைப்பு. கடையைச் சாத்தச் சொன்னதை எதிர்க்கவும் கடையைச் சாத்தினோம். (இது அன்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.)

"பாவாயக்கா, நீங்க முன்னால நில்லுங்க. நாங்க பேசுனா சண்டையாப் போயிரும். உங்களப் பாத்தா ஆபீசருக்கு மனசு எளகிரும்" என்றார் செல்லமுத்து.

நான் நாலு பேர் முன்னால் நின்று பெயர் கேட்டாலே வேர்த்துவிடுகிறவள். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் வீட்டில் ஒத்திகை. வீட்டுக்காரர் பிளாஸ்டிக் சேரில் ஆபீசராக உட்கார்ந்தார்.

"ஒம்பது மணி வரைக்கும் தொறக்க உடோணுமுங்க சாமி."

"மாஸ்க்குக்குள்ளயே பேசிக்கிட்டா ஆபீசருக்கு எப்படிப் புள்ள கேக்கும்? சத்தமாச் சொல்லு."

இரண்டாம் நாள் நன்றாகவே சத்தம் வந்துவிட்டது. அவரைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு சொன்னால் சுலபமாக வந்தது. அந்த வேகத்தில், அவர் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுவதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"கடேசியாச் சொன்னத அங்க சொல்லிப்போடாத" என்றார் ஆபீசர்.

அந்த நாளும் வந்தது. தெருவில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. காலை பதினொரு மணிக்கு ஜீப் வந்து நின்றது. ஆபீசர் இறங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தோம். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"போற இடமெல்லாம் சண்டை போடறாங்க. நீங்க பகல்லயே சாத்திட்டீங்களே. எல்லாரும் மனசார ஒத்துழைக்கிறீங்களாம்மா?"

முன்னால் மனுவோடு நின்றது நான்தான். "ஆமாங்க சாமி."

"சிரமம் ஒண்ணும் இல்லையே?"

வாசலுக்கு வந்தவர் சிரமமா என்று கேட்டால் வேறென்ன சொல்வது? எங்கள் பக்கத்து வாய்க்கு ஒரே பதில்தான் தெரியும். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

பின்னாலிருந்து செல்லமுத்து எனக்கு ஜாடையாக இருமினார். நான் திரும்பவில்லை. இன்னும் பலமாக இருமினார். கூட வந்த போலீஸ்காரர் நாலடி பின்னால் போய், "யாருப்பா அது இருமறது?" என்றார். இருமல் என்றாலே ஊர் நடுங்கிய காலம். அடுத்த நிமிஷம் எங்கள் தலைவரை மூக்கில் குச்சி விட்டுப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

"இவ்வளவு பொறுப்பான தெரு. மூணு மணிக்கே சாத்திட்டா மத்தவங்களுக்கும் முன்மாதிரியா இருக்கும். முடியுமாம்மா?" என்று கேட்டார் ஆபீசர்.

"ஆகட்டுங்க சாமி" என்று சொல்லி, மனுவையும் கொடுத்துவிட்டேன். நன்றிக் கடிதம் என்று நினைத்து அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜீப் போன பிறகு என்னை ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். மூக்கைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்த செல்லமுத்து கேட்டார்: "அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா, கடையே வேண்டாமுங்கன்னு சொல்லியிருப்பீங்களா?"

மூன்று நாள் மூன்று மணிக்குச் சாத்தினோம். பட்டறை ஆட்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாவு பொங்கி வழிந்தது. வீட்டுக்காரர் மூன்று வேளையும் புளித்த பணியாரமே தின்றார். "ஆபீசருக்கும் நாலு குடுத்தனுப்பு" என்றார்.

நாலாம் நாள் மத்தியானம் ஜீப் மறுபடியும் வந்து என் கடை முன்னால் நின்றது. ஆபீசர் கையில் எங்கள் மனு.

"இதுல ஒன்பது மணின்னு இருக்கு. நீங்க மூணு மணிக்குச் சரின்னீங்க. உண்மையைச் சொல்லுங்கம்மா. மூணு மணி ஆகுமா, ஆகாதா?"

"ஆகட்டுங்க" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னாலிருந்து ஊன்றுகோலால் என் இடுப்பில் குத்தினார். கட்டில்மேல் போட்ட ஈரத்துண்டை நினைத்துக்கொண்டேன்.

"ஆகாதுங்க" என்றேன், சத்தமாக. என் ஆயுசில் வெளி ஆளிடம் சொன்ன முதல் மறுப்பு அது. தெருவே எட்டிப் பார்த்தது.

"சரிம்மா. அப்போ பழையபடி அஞ்சு மணியே இருக்கட்டுமா?" என்றார் அவர்.

சொல்லி முடித்த சந்தோஷத்தில் ஒன்பது மணி மறந்தே போய்விட்டது. "ஆகட்டுங்க சாமி" என்றேன்.

போராட்டம் செய்து ஐந்து மணியை ஐந்து மணியாகவே வாங்கி வந்த தெரு எங்களுடையதுதான். செல்லமுத்துவே பட்டறை பட்டறையாகப் போய், "அக்கா கடைக்கு மூணு மணிக்கே வந்துருங்க" என்று சொல்லிவைத்தார். கெடுபிடியெல்லாம் போய் இத்தனை நாளாகியும், எனக்கு மூன்று மணிக்கே கல் காய்ந்துவிடுகிறது. சேலை எடுக்கப் போனால் என் மகள், "அம்மா வெளியவே நிக்கட்டும். உள்ள வந்தா மொதச் சேலைக்கே ஆகட்டுங்கன்னு சொல்லிருவாங்க" என்கிறாள்.

உத்தரவு ஐந்து மணிக்கா ஆறு மணிக்கா, ஜீப் வந்தது இரண்டு தடவையா மூன்று தடவையா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்தினால் புண்ணியமாகப் போகும். செல்லமுத்துவிடம் கேளுங்கள். என்னிடம் மட்டும் வந்து கேட்காதீர்கள். நீங்கள் எது சொன்னாலும் சரி என்றுதான் சொல்வேன்.