நீல நாக்கோடு ஒரு நிச்சயதார்த்தம்

பதினாறு வயதில் எனக்குக் கைகளே கிடையாது. தோளிலிருந்து இரண்டு பக்கமும் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது உண்மைதான். அதையெல்லாம் கை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஜிம் இருந்தது. அங்கே சேர்ந்து மூன்று மாதம் டம்பெல்ஸ் தூக்கினேன். தூக்கிய நேரத்தைவிடக் கண்ணாடி முன்னால் நின்ற நேரம் அதிகம். வீட்டில் அம்மா மட்டும், "தோளு கொஞ்சம் விரிஞ்ச மாதிரிதான்டா இருக்கு" என்பாள். (பெத்தவள் வேறென்ன சொல்வாள், பாவம்.)

அந்தச் சமயத்தில்தான் தேவி அக்காவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் நடத்துவதுதான் வழக்கம். மாப்பிள்ளையின் தாத்தாவால் பயணம் செய்ய முடியாதென்பதால் சிதம்பரத்தில் ஒரு சின்ன மண்டபம் பிடித்திருந்தார்கள். பெண்ணின் ஒரே தம்பி என்ற முறையில், பழத்தட்டைச் சுமந்துகொண்டு முதல் ஆளாக நுழைய வேண்டியவன் நான். அரைக்கைச் சட்டை வேறு எடுத்தாயிற்று. கைக்குத்தான் வழியில்லை.

ஜிம்மில் மோகன் அண்ணன் என்று ஒருவர் இருந்தார். அவருடைய கை ஒன்றில் என்னைப் போல ரெண்டு பேரைச் செய்யலாம். அவரிடம் போய் அழாத குறையாக நின்றேன்.

"ஃபங்ஷன் அன்னைக்கு மட்டும் கை பெருசா தெரியணும்ணே."

"எக்சர்சைஸ் பண்றதுக்கு முன்னாடி குடிக்கிற பவுடர் ஒண்ணு இருக்குது. ஒரு ஸ்கூப், ஒரே ஸ்கூப்தான். ஜாஸ்தி போட்டுடாத" என்று ஒரு பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்தார். நல்ல நீல நிறம்.

விசேஷத்தன்று காலையில் எல்லோரும் பட்டுப்புடவையும் பூவுமாகப் பரபரத்துக்கொண்டிருந்தபோது சமையலறைக்குள் நுழைந்தேன். ஸ்கூப் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கண்ணில் பட்டது ரசக் கரண்டி. மூன்று மாதத்து வேலையை ஒரே காலையில் முடிக்க வேண்டியிருந்ததால், ரெண்டு கரண்டி கலக்கி, வெறும் வயிற்றில் ஒரே மூச்சாகக் குடித்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு முப்பது தண்டால் எடுத்தேன். (பதினொன்று. இத்தனை வருடம் கழித்து எதற்குப் பொய்?)

வேனில் கடைசி இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி ஓல்டு டவுனைத் தாண்டும்போது காது மடலில் எறும்பு ஊர்ந்தது. ஆலப்பாக்கம் வருவதற்குள் அது முகம், கழுத்து, முதுகு என்று பரவிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். தசை முளைக்கிறது என்றே நினைத்தேன். புதுச்சத்திரத்தில் நெஞ்சு, உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல அடித்தது. சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது. பி.முட்லூரில் விரல்களைப் பார்த்தேன். பத்தும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் வந்தேன். சொன்னால் அக்காவின் விசேஷம் கெட்டுவிடும் என்ற பயம்.

மண்டப வாசலில் அம்மா தட்டை என் கையில் கொடுத்தாள். நாலு படி ஏறினேன். ஐந்தாவது படியில் தட்டு எனக்கு முன்னால் உள்ளே போயிற்று. ஆப்பிளும் சாத்துக்குடியும் மாப்பிள்ளை வீட்டார் காலடிக்கு உருண்டு ஓட, நான் கதவைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் வெட வெட என்று ஆடியது.

மாப்பிள்ளையின் பெரியம்மாதான் முதலில் ஓடிவந்தார். "என்னாப்பா ஆச்சு?" என்று குனிந்தார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அலறிவிட்டார்.

"ஐயோ, நாக்கெல்லாம் நீலமா இருக்குதே! புள்ள விஷத்தக் குடிச்சிருக்கான்!"

அவ்வளவுதான். பந்திப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் செய்தி பெரிதாகிவிட்டது. தம்பிக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லையாம், பெண்ணுக்கே இஷ்டமில்லையாம், வேறு ஏதோ விவகாரமாம். உள்ளறையில் அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த அக்காவின் காதுக்கும் அது போயிற்று. "இல்லை" என்று சொல்ல முயன்றேன். பல் தந்தியடித்தது.

என் அப்பா கோர்ட்டில் தட்டச்சர். என்னைவிட ஒல்லி. எனக்கு விவரம் தெரிந்து அவர் என்னைத் தொட்டுப் பேசியதில்லை. மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதோடு எங்கள் உறவு முடிந்துவிடும். அந்த மனிதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என்னைக் கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் வாரித் தூக்கினார். ஐம்பத்திரண்டு கிலோ. படி இறங்கி, தெருமுனையில் நின்ற கார் வரைக்கும் ஓடினார். அவருடைய சட்டைப்பை பேனா என் கன்னத்தில் குத்தியது இன்னும் நினைவிருக்கிறது.

காரை ஓட்டியது யார் என்கிறீர்கள்? மாப்பிள்ளையேதான். நிச்சயதார்த்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாரனை அழுத்திக்கொண்டே போனார்.

பின்சீட்டில் அப்பா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என்னா கண்ணு குடிச்ச? அப்பா ஒண்ணும் திட்டமாட்டேன். சொல்லு சாமி."

அவர் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

"உடம்பு ஏத்துற பவுடருப்பா. கை பெருசா தெரியணும்னு..."

"எவ்ளோ?"

"ரசக் கரண்டில ரெண்டு."

முன்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தார்கள், ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டர் அம்மா விவரம் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு குடம் காபிய ஒரே மூச்சுல குடிச்ச மாதிரி பண்ணிருக்க. பெரியவங்களே டாக்டரக் கேட்டுதான் போடணும். வளர்ற வயசுல உனக்கு எதுக்கு இது? காலையில என்ன சாப்புடுவ?"

"ரெண்டு இட்லி. சில நாள் அதுவும் இல்ல."

"அதையே ஒழுங்கா சாப்புடாம பவுடருக்கு வந்துட்ட! முட்டை, பருப்பு, சுண்டல் சாப்புடு, நல்லாத் தூங்கு. கை தானா வரும். அவசரப்பட்டா நெஞ்சுதான் முதல்ல போவும்."

அதற்குள் மண்டபத்திலிருந்து மாப்பிள்ளைக்குப் போன். பெரியம்மாதான். சகுனம் சரியில்லை, வேறு நாள் பார்க்கலாம் என்று அவர் சொன்னது எங்களுக்கே கேட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உயிர் போனது. விஷம் என்று எல்லோரும் அலறியபோதுகூட அப்படிப் போகவில்லை.

மாப்பிள்ளை நிதானமாகச் சொன்னார்: "பெரியம்மா, பையன் சத்து மாவு கொஞ்சம் ஜாஸ்தியா சாப்புட்டுட்டான், அவ்ளோதான். இன்னைக்கேதான் நிச்சயம். அவன் வந்ததும் பத்திரிகை வாசிக்கலாம். சாப்பாட்ட ஆறவிடாதீங்க."

பேசி முடிக்கும்போது அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். தலை நிறையப் பூ, கண்மை கன்னம் வரைக்கும் வழிந்திருந்தது. கட்டிலுக்கு வந்ததும் என் காதைப் பிடித்துத் திருகினாள். "லூசு! உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்னடா பண்ணுவேன்?" என்று சொல்லிவிட்டு, அதே காதில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

மாப்பிள்ளை பின்னால் வந்து நின்று, அவளிடம் வாழ்க்கையில் முதன்முதலாகப் பேசினார். "திட்டாதீங்க. இசிஜி மறுபடி ஏறிடும்."

அக்கா அழுகையோடு சிரித்தாள். இவர்தான் என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டதாக இப்போதும் சொல்வாள். சாயங்காலம் நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பத்திரிகை வாசித்தார்கள். குடும்பப் படத்தில் என்னைச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். ஆல்பத்தில் என் உதடு மட்டும் தனி நிறம்.

அக்காவின் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூட அணியில் எடை தூக்குகிறாள். என்னைவிடக் கை நன்றாகவே இருக்கிறது. போன பொங்கலுக்கு வந்தபோது கேட்டாள்: "மாமா, எங்க டீம்ல சில பேரு பவுடர் போடுறாங்க. நானும் போடலாமா?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு டாக்டர் அம்மா சொன்னதையெல்லாம் சொல்லத் தயாரானேன். அதற்குள் அப்பா நாற்காலியிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். அன்றைக்குப் படியிறங்கும்போது பிடித்துக்கொண்ட இடுப்பு, இதுவரை விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "எம்புள்ள ஜிம்முக்குப் போனான், எனக்கு இடுப்பு போச்சு" என்றுதான் விளக்கம் சொல்வார்.

பேத்தியை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"போடு கண்ணு. ஆனா தாத்தாவால இனிமே தூக்கிட்டு ஓட முடியாது. உங்கப்பாவுக்குத் தெம்பு இருக்குதான்னு மொதல்ல கேட்டுக்க."