மேட்டு ரோடு எது?

பதினெட்டு வருடம் புவியியல் பாடம் நடத்திய ஒருவன், வங்கித் தேர்வு எழுதப் போன தன் ஒரே மகளை நிலச்சரிவுச் சேற்றில் நடக்கவிட்டுவிட்டுக் கரையில் நின்று பார்த்தான் என்றால் அவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? எதை நினைத்தாலும் அது குறைவுதான். முழுக்கதையும் தெரிந்தால் இன்னும் மட்டமாக நினைக்க வசதியாக இருக்குமே என்றுதான் எழுதுகிறேன்.

அந்தப் புவியியல் ஆசிரியர் நான்தான். உத்திரமேரூர் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. இமயமலை எப்படி உருவானது என்று கரும்பலகையில் கையெல்லாம் சாக்பீஸ் ஆகும்வரை வரைவேன். ஆனால் நாற்பத்தெட்டு வயது வரைக்கும் நான் ஏறி நின்ற மிக உயரமான நிலப்பரப்பு எங்கள் ஏரிக்கரை.

தொண்ணூறுகளின் கடைசியில் என் மகள் கலைச்செல்வி வங்கி எழுத்தர் தேர்வுக்கு விண்ணப்பித்தாள். விண்ணப்பத்தை நிரப்பியது நான். (அவள் பட்டம் வாங்கியவள். ஆனாலும் விண்ணப்பம் நிரப்புவது தகப்பனின் பிறப்புரிமை என்று நினைத்திருந்தேன்.) தேர்வு மையம் என்ற கட்டத்தில் சென்னை என்று எழுதியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் கோயம்புத்தூர் என்று எழுதினேன்.

“ஏம்ப்பா கோயம்புத்தூர்?”

“சென்னையில கூட்டம் ஜாஸ்தி. அங்க போட்டி கம்மியா இருக்கும்.”

“ப்பா, எங்க எழுதினாலும் மார்க்கை ஒண்ணாத்தான் சேர்த்துப் பார்ப்பாங்க.”

“உனக்குத் தெரியாது, நீ படி” என்றேன். தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. இந்த லட்சணத்தில் என் மூளைக்கு இன்னொன்று உதித்தது. அவ்வளவு தூரம் போகிறோம், இரண்டு நாள் முன்னதாகப் போய் ஊட்டியைப் பார்த்துவிட்டு, ஞாயிறு காலையில் இறங்கிப் போய்த் தேர்வெழுதினால் என்ன? மாதம் கார்த்திகை. தமிழ்நாடே குடை பிடித்துக்கொண்டிருந்தது.

“அடமழையில ஊட்டிக்கு எவனாவது போவானா?” என்றாள் என் மனைவி சரோஜா.

“கூட்டம் இருக்காது. அதுவும் இல்லாம குளிர்ல மூளை நல்லா வேலை செய்யும்.”

“அப்ப நீங்க போய்ட்டு வாங்க” என்றாள்.

எல்லோருமாகத்தான் போனோம். வாடகை அம்பாசிடர் கார். ஓட்டுநர் தாஸ் எங்கள் ஊர் கார் ஸ்டாண்டுக்காரர். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மிஞ்சிப் போனால் திருப்பதி. மலை ஓட்டிப் பழக்கம் உண்டா என்று கேட்டேன். “மலைன்னா இன்னா சார், ஏரிக்கரை தான். அங்க ஒரு பக்கம் தண்ணி கீது, இங்க ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல. அவ்ளோதான்” என்றார். அந்த ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஊட்டியில் கூட்டம் இல்லை. ஊட்டியும் இல்லை. இரண்டு நாளும் மூடுபனியைத்தான் பார்த்தோம். பூங்காவில் மூடுபனி பார்த்தோம், படகுத்துறையில் மூடுபனி பார்த்தோம். அங்கே எடுத்துக்கொண்ட புகைப்படத்தில் வெள்ளைத் தாளில் ஒட்டிய மாதிரி நான், சரோஜா, தாஸ் என்று மூன்று தலைகள் இருக்கின்றன. கலை மட்டும் விடுதி அறையில் இரண்டு கம்பளிக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை முழுக்க மழை விடவில்லை. ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்பும்போது விடுதிக் காவலாளி காரின் கண்ணாடியைத் தட்டிச் சொன்னார்: “பார்த்துப் போங்க சார். ராத்திரி பூரா பெஞ்சிருக்குது. எந்த ரோடு நல்லா இருக்குதுன்னு விசாரிச்சுட்டு இறங்குங்க.”

விசாரிக்கத் தெரியாதவனா நான்? இங்கேதான் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மழைக்காலம் என்றால் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழிந்து கலங்கல் போகும். தரைப்பாலம் முழுகும். திருமுக்கூடல் பக்கம் மூன்று ஆறும் கூடிக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அதனால் மழையில் வெளியே கிளம்புகிறவன் கேட்கிற முதல் கேள்வி, எது மேட்டு ரோடு, எது பள்ளத்து ரோடு என்பதுதான். மேட்டு ரோடு என்றால் தண்ணீர் நிற்காது, பத்திரம். சமவெளியில் பிறந்தவனுக்குப் போதுமான ஞானம். அதை அப்படியே மூட்டை கட்டி ஏழாயிரம் அடி உயரத்துக்குக் கொண்டு போயிருந்தேன்.

ஊட்டியை விட்டு வெளியே வரும் இடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. பலகை ஏதோ இருந்தது, பனியில் எழுத்துத் தெரியவில்லை. ஓரத்தில் ஒரு டீக்கடை. நான் கண்ணாடியை இறக்கி, ஆசிரியருக்குரிய தெளிவான குரலில் கேட்டேன்:

“ஏம்பா, இதுல மேட்டு ரோடு எது?”

“மேட்டு ரோடுங்களா? இதானுங்க. நேராப் போய்ட்டே இருங்க” என்று டீக்கடைக்காரர் ஒரு பக்கம் கையைக் காட்டினார்.

பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம் என்பதுபோல் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

கார் இறங்க ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் இறங்கியது, பத்து நிமிடம் இறங்கியது.

“ப்பா, மேட்டு ரோடுன்னீங்க. இறங்கிக்கினே போவுதே?” என்றாள் கலை.

“மலைச்சாலை அப்படித்தாம்மா. ஏறுவதற்கு முன் இறங்கும்.” (இந்த விதி எந்தப் பாடநூலிலும் இல்லை. அந்த வினாடியில் நான் கண்டுபிடித்தது.)

ஒரு மணி நேரம் கழித்துக் குன்னூர் வந்தது. அங்கே ஒரு பலகை நன்றாகவே தெரிந்தது: கோத்தகிரி என்று இடப்பக்கம் அம்புக்குறி. அது மலையிறங்க இன்னொரு வழி. “இங்க ஒரு தபா நிறுத்திக் கேளுங்களேன்” என்றாள் சரோஜா. ஒருமுறை கேட்டதை மறுபடி கேட்பது வழி தெரியாதவன் செய்கிற வேலை என்று எனக்கு ஒரு கொள்கை. “அதான் நேராப் போகச் சொன்னாரே” என்றேன். தாஸ் நேராகப் போனார்.

குன்னூரைத் தாண்டி நாலைந்து வளைவு இறங்கியதும் ஒரு மஞ்சள் மைல்கல் வந்தது. தாஸ் அதைப் படித்தார். வேகத்தைக் குறைத்தார். பிறகு மெதுவாக, “சார், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?” என்றார்.

“சொல்லுங்க.”

“நீங்க மேட்டு ரோடுன்னு கேட்டீங்க. அந்த ஆளு மேட்டுப்பாளையம் ரோடைக் காட்டிட்டாம் போல கீது.”

மலையிலிருந்து இறங்குகிற அத்தனை வெளியூர்க்காரனும் அந்த டீக்கடையில் கேட்பது மேட்டுப்பாளையம் ரோடு. நான் ‘மேட்டு’ என்றதுமே மிச்சத்தை அவரே பெரிய மனது பண்ணிச் சேர்த்துக்கொண்டுவிட்டார். பின்சீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வளைவில் முன்னால் போன லாரி நின்றது. அதற்கு முன்னால் பத்துப் பதினைந்து வண்டிகள். அதற்கு முன்னால் சாலை இல்லை.

நிலச்சரிவு என்றால் என்ன? இரண்டு மதிப்பெண். “மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் திடீரெனக் கீழே சரிவது.” பதினெட்டு வருடமாக அந்தத் ‘திடீரென’ என்ற சொல் இல்லாத விடைக்கு அரை மதிப்பெண் வெட்டியவன் நான். அன்று பார்த்தேன். அது திடீரென வரவில்லை. அடுப்பில் பொங்கி வழிகிற கேழ்வரகுக் கூழ் போல, அவசரமே இல்லாமல், நிற்கிற மரத்தை நின்றபடியே தூக்கிக்கொண்டு வந்தது. எத்தனை பிள்ளைகளிடமிருந்து எத்தனை அரை மதிப்பெண்ணைப் பிடுங்கியிருப்பேன் என்று அங்கே நின்று யோசித்தேன். (மகளின் தேர்வைப் பற்றி யோசித்திருக்க வேண்டிய நேரம்.)

திரும்பிப் போகலாம் என்று தாஸ் வண்டியைத் திருப்புவதற்குள் பின்னால் ஒரு சத்தம். நாங்கள் வந்த வளைவில் மரம் ஒன்று சாலைக்குக் குறுக்காகப் படுத்துவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. “சரியான பேஜாரு” என்று தாஸ் இன்ஜினை நிறுத்தினார். மணி எட்டேகால்.

ஒன்பது மணி வாக்கில் சரிவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்த அரசுப் பேருந்து மெல்ல மெல்லத் திரும்பியது. நடத்துநர் சேற்றுக்கு அப்பாலிருந்து கத்தினார்: “மேட்டுப்பாளையம் திரும்பிப் போறேன். வர்றவங்க இருந்தா நடந்து வாங்க.” தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர் எங்கிருந்தோ பலகையும் கழியும் கொண்டுவந்து சேற்றின்மேல் போட்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கடக்க ஆரம்பித்தார்கள். மேலே இருந்து சிறுசிறு கற்கள் உருண்டுகொண்டிருந்தன.

கலை காரிலிருந்து இறங்கினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

“இன்னாம்மா பண்றே?” என்றேன்.

“போறேம்ப்பா. ரெண்டு மணிக்கு எக்ஸாம்.”

“எக்ஸாம் போனாப் போவுது. மேல பாரு, இன்னும் வந்துக்கினே கீது.” (வகுப்பில் நான் இப்படிப் பேசுவதில்லை. பயம் வந்தால் இலக்கணம் முதலில் போகும்.)

“இது போச்சுன்னா வயசு தாண்டிடும்ப்பா.”

“வேற வேலை பார்க்கலாம்மா.”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “ஃபாரத்துல கோயம்புத்தூர்னு போட்டது யாரு?”

பதில் தெரிந்த கேள்விதான்.

சரோஜா முந்தின நாள் வாங்கிய ஊட்டி வர்க்கி பிஸ்கட்டில் பாதியைக் காலி செய்து, அந்தப் பிளாஸ்டிக் பையில் நுழைவுச் சீட்டையும் பேனாவையும் மிச்ச வர்க்கியோடு வைத்து முடிச்சுப் போட்டு அவள் கையில் கொடுத்தாள். “மேல பார்க்காத. கால வைக்கிற எடத்தப் பாரு” என்றாள். அந்தக் காலையில் யாரோ ஒருவர் சொன்ன ஒரே உருப்படியான வழி அதுதான்.

“இரு, நானும் வர்றேன்” என்று நான் பலகையில் கால் வைத்தேன். கால் பலகைக்குப் பக்கத்தில் போயிற்று. முழங்கால் வரைக்கும் இறங்கிவிட்டேன். இரண்டு பெண்கள் கழியை நீட்டி, கிணற்றில் விழுந்த குடத்தை எடுப்பதுபோல் என்னை வெளியே எடுத்தார்கள். ஒரு ஷூ வரவில்லை. “பெரியவரே, நீங்க அங்கயே நில்லுங்க. புள்ளையை நாங்க கூட்டிட்டுப் போறோம்” என்றாள் ஒருத்தி. பெரியவர். நாற்பத்தெட்டு வயதில் எனக்குப் பதவி உயர்வு.

கலை அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தாள். எண்ணினேன். இருபத்து மூன்று அடி. பன்னிரண்டாவது அடியில் மேலேயிருந்து தேங்காய் அளவு ஒரு கல் வந்து அவள் பின்னால் விழுந்து முழுகியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு இன்றைக்கும் பன்னிரண்டு என்ற எண் பிடிக்காது. அந்தப் பக்கம் ஏறியதும் அவள் பேருந்து ஜன்னலில் தலையை நீட்டிக் கையாட்டினாள். சரோஜா கையாட்டினாள். எனக்கு இரண்டு கையும் உதறிக்கொண்டிருந்ததால் தனியாக ஆட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.

மரத்தை அறுத்து வழிவிட மதியம் பன்னிரண்டு ஆயிற்று. குன்னூருக்குத் திரும்பி, அந்த அம்புக்குறி காட்டிய பக்கம் போய், கோத்தகிரி வழியாக இறங்கினோம். அந்தச் சாலையில் ஒரு கூழாங்கல் கூட விழுந்திருக்கவில்லை. கோத்தகிரிவரை வழியும் நன்றாக ஏறியது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், “பார்த்தியா, மேட்டு ரோடுதான் பத்திரம்னு நான் சொன்னது சரிதானே” என்றேன். சரோஜா மறுநாள் காஞ்சிபுரம் தாண்டும்வரை என்னோடு பேசவில்லை.

தேர்வு நடந்த பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. மதில் ஓரத்தில் கலை உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. செருப்பு இல்லை. மடியில் காலி வர்க்கிப் பை. வழியில் ஆயிரம் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்த நான், ஒற்றை ஷூவோடு ஓடிப்போய் அவள் எதிரே நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏம்ப்பா இவ்ளோ லேட்டு?”

அதற்கடுத்த வாரம் அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்தினேன். நிலச்சரிவு கேட்கப்பட்டிருந்தது. ‘திடீரென’ என்று எழுதாத அத்தனை பேருக்கும் முழுசாக இரண்டு மதிப்பெண் போட்டேன். “மலையிலேர்ந்து மண்ணு வரும், நாம ஓடிடணும்” என்று எழுதிய ஒரு பையனுக்கும் இரண்டு. ஓட முடியாதவனுக்குத்தான் அந்த விடையின் அருமை தெரியும்.

கலைக்கு வேலை கிடைத்தது. நான் தேர்ந்தெடுத்த மையத்தால் போட்டி குறைந்ததுதான் காரணம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் ‘மேட்டு ரோடு’ எங்கள் வீட்டுச் சொல் ஆகிவிட்டது. நான் எதையாவது உறுதியாகச் சொன்னால் சரோஜா கேட்பாள்: “இது மேட்டு ரோடா, நெஜமான ரோடா?” கார் ஸ்டாண்டைக் கடந்து போகும்போது தாஸ் வேறு, “சார், எங்க? மேட்டு ரோடா?” என்று நாலு பேர் காதில் விழும்படி விசாரிப்பார்.

கலை இப்போது வாலாஜாபாத் கிளைக்குத் தினமும் பேருந்தில் போய் வருகிறாள். மழைக்காலத்தில் காலை எட்டு மணிக்கு நான் குடையோடு பேருந்து நிலையத்தில் நிற்பேன். கலங்கல் போகிறதா, பாலத்தில் தண்ணீர் எவ்வளவு, நேற்று எத்தனை வண்டி போயிற்று என்று நடத்துநரை விசாரிப்பேன். ஒருமுறை கேட்டதை மறுபடியும் கேட்பேன். என் பழைய கொள்கை அந்த ஒற்றை ஷூவோடு சேற்றிலேயே கிடக்கிறது.

போன கார்த்திகையில் அப்படி மூன்றாம் முறை கேட்டுக்கொண்டிருந்தபோது பேருந்து ஜன்னலில் அதே தலை நீண்டது.

“ப்பா, இது மேட்டு ரோடுதான். நீங்க வூட்டுக்குப் போங்க.”

வண்டி நகர்ந்தது. அவள் கையாட்டினாள். இந்த முறை நானும் ஆட்டினேன். குடை பிடித்திருந்த கையை.